நின்றெரியும் அச்சம்: லூதன் வழக்கும் சமயப்பித்தைப் பேசும் திரைப்படங்களும்

திகில் திரைப்படம் என்னும் பெரும்பிரிவுக்குள், திடுக்கிட வைப்பதை நோக்கமாகக் கொள்ளாமல், ஒரு மனிதரின் நம்பிக்கை சிறிது சிறிதாக முறுகி அவரையே விழுங்குவதை நிதானமாகக் காட்டும் படங்கள் தனியொரு மரபாக வளர்ந்திருக்கின்றன. இப்படங்களில் பேய் வெளிப்படையாகத் தோன்றுவது அரிது. தோன்றினாலும், அது உண்மையில் வந்ததா, வந்ததாகக் கதைமாந்தர் நம்புகிறாரா என்பது பெரும்பாலும் உறுதிப்படுவதில்லை. சமயப்பித்து, அதாவது கடவுளையோ பாவத்தையோ பற்றிய ஒரே எண்ணம் மற்ற எண்ணங்களையெல்லாம் விலக்கிவிட்டு மனத்தை ஆள்வது, இவற்றின் பொருள். அந்தப் பித்தைத் தெய்வ அருள் என்று கொள்வதா, பேயின் பிடி என்று கொள்வதா, மனநோய் என்று கொள்வதா என்ற ஐயமே இவற்றை நகர்த்திச் செல்கிறது. இந்த ஐயம் திரைப்படத்துக்கு மிகவும் மூத்தது. பிரான்சின் மேற்குப் பகுதியிலுள்ள லூதன் என்ற சிறு நகரத்தில் 1632-இல் தொடங்கிய ஒரு பேய் வழக்கில் அது முழு உருவம் பெற்றது. அந்த வழக்கின் ஏடுகள் இறையியலார், மருத்துவர், எழுத்தாளர் ஆகியோரின் கைகளில் மாறி மாறிச் சென்று, மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் திரைக்கு வந்து சேர்ந்தன.

இம்மரபைப் புரிந்துகொள்ளக் கத்தோலிக்கத் திருச்சபையின் பேயியல் வகுத்த ஒரு வேறுபாடு துணைசெய்யும். தீய ஆவி ஒருவரின் உடலுக்குள் புகுந்து அவருடைய நாவையும் கைகால்களையும் தன் விருப்பப்படி ஆள்வதை இலத்தீனில் 'பொசெஸியோ' என்றனர். இதைப் பீடிப்பு எனலாம். ஆவி உள்ளே புகாமல் வெளியே நின்று, தோற்றங்களாலும் ஓசைகளாலும் ஓயாத தூண்டுதல்களாலும் ஒருவரை நெருக்குவதை 'ஒப்செஸியோ' என்றனர். கோட்டையைப் படை சூழ்ந்துகொள்ளுதல், அதாவது முற்றுகை, என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். ஒரே எண்ணத்தின் பிடியில் சிக்கிய மனநிலையைக் குறிக்க இன்று ஆங்கிலத்தில் வழங்கும் 'அப்செஷன்' என்ற சொல், இந்தப் போர்க்களச் சொல்லிலிருந்து பேயியல் வழியாக உளமருத்துவத்துக்கு வந்ததாகும். பீடிப்பைக் காட்டும் படம் அலறலையும் உடல் முறுக்கத்தையும் நம்பியிருக்க, முற்றுகையைக் காட்டும் படத்துக்குக் காலம் தேவைப்படுகிறது. கோட்டைகள் ஒரே நாளில் விழுவதில்லை.

நகரமும் அதன் பிளவுகளும்

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூதன், கத்தோலிக்கரும், பிரான்சில் ஹியூகனாட்டுகள் எனப்பட்ட சீர்திருத்தச் சபையினரும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த நகரமாக இருந்தது. 1598-ஆம் ஆண்டின் நான்ட் ஆணை சீர்திருத்தச் சபையினருக்கு அளித்த வழிபாட்டு உரிமை அங்கே நடைமுறையில் இருந்தபோதிலும், இரு தரப்பாருக்கும் இடையிலான பழைய பகை தணியவில்லை. 1628-இல் ஹியூகனாட்டுகளின் பெருங்கோட்டையான லா ரோஷல் அரசப் படையிடம் வீழ்ந்த பிறகு, பதின்மூன்றாம் லூயி மன்னரின் முதலமைச்சரான கர்தினால் ரிஷல்யூ, நாட்டின் உட்பகுதிகளில் இருந்த அரண்களை இடித்து அதிகாரத்தை அரசவையில் குவிக்கும் கொள்கையைக் கடைப்பிடித்தார். லூதனின் கோட்டையும் இடிக்கப்பட வேண்டியவற்றுள் ஒன்றாயிற்று. நகரத்தின் ஆளுநர் அதைத் தடுக்க முயன்றார். லூதனிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் கர்தினால் தம் பெயராலேயே ஒரு புதிய நகரத்தை அப்போது எழுப்பிக்கொண்டிருந்தார் என்பது, பழைய நகரத்தின் கலக்கத்தை விளக்கப் போதுமானது.

இந்த அரசியல் நெருக்கடியின்மேல் 1632-இல் கொள்ளைநோயும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டின் வெயில் மாதங்களில் நகர மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் மாண்டனர். நோயின் வேகம் தணியத் தொடங்கிய செப்டம்பர் இறுதியில், 1626-இல் நிறுவப்பட்ட உர்சுலா சபைக் கன்னியர் மடத்தில், இரவில் ஆவி ஒன்று நடமாடுவதாகக் கன்னியர் சிலர் கூறினர். மடத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 17 பேர். அவர்களுள் பெரும்பாலோர் உயர்குடியில் பிறந்து, வரதட்சணை கொடுத்து மணமுடித்து வைக்க முடியாத குடும்பங்களால் மடத்துக்கு அனுப்பப்பட்ட இளம்பெண்கள். மடத்தலைவியாக இருந்த ழான் தெ பெல்சியே, துறவுப் பெயரால் ழான் தேஸான்ஜ், அதாவது வானதூதர்களின் ழான், முப்பது வயதளவில் இருந்தார்; சிறு வயதிலேயே முதுகு வளைந்துபோன அவர், கூர்த்த அறிவும் பிறர் தம்மைக் கவனிக்க வேண்டும் என்ற பெரும் வேட்கையும் உடையவர் என்பதை அவரே பிற்காலத்தில் எழுதிய தன்வரலாறு காட்டுகிறது.

கன்னியர் குற்றஞ்சாட்டிய சூனியக்காரர், அந்நகரத்தின் பங்குத்தந்தை உர்பேன் கிராந்தியே. 1617 முதல் புனித பேதுரு கோவிலில் பணியாற்றிவந்த அவர் அழகர், நாவன்மை மிக்கவர், பெண்கள் தொடர்பில் பெயர் கெட்டவர், குருக்களின் மணத்துறவுக்கு எதிராக ஒரு சிறுநூலையே எழுதி வைத்திருந்தவர். நகரப் பெரியவர்கள் பலரைப் பகைத்துக்கொண்டிருந்த அவர், கோட்டையைக் காக்க முயன்ற ஆளுநரின் நண்பராகவும் இருந்தார். எந்த மடத்துப் பெண்கள் அவருடைய பெயரைச் சொல்லி அலறினார்களோ அந்த மடத்துக்கு அவர் ஆன்ம வழிகாட்டியாக இருந்ததில்லை. அப்பொறுப்பில் இருந்தவர் அவருடைய பகைவர்களுள் ஒருவரான மினியோன் என்னும் குரு. கன்னியர் கேள்வியுற்று மட்டுமே அறிந்திருந்த ஓர் ஆண்மகன் அவர்களுடைய கனவுகளில் இடம்பிடித்ததும், அக்கனவுகள் பாவசங்கீர்த்தனத்தின் வழியாகப் பகைவரின் காதில் விழுந்ததும் சேர்ந்துதான் வழக்காயின.

சாட்சி சொன்ன பேய்கள்

1614-இல் வெளியான உரோமைச் சடங்குநூல், பேய் பிடித்ததாக ஒருவரைப் பற்றிச் சொல்லப்பட்டால் அதை எளிதில் நம்பிவிடக் கூடாது என்று குருக்களை எச்சரித்து, கற்றறியாத மொழியில் பேசுதல், மறைவான செய்திகளை வெளிப்படுத்துதல், வயதுக்கும் இயல்புக்கும் மீறிய உடல்வலிமையைக் காட்டுதல் ஆகியவற்றை அடையாளங்களாக வகுத்திருந்தது. லூதனில் இச்சோதனைகள் நடந்தன. அவற்றின் முடிவுகள் பேயோட்டிகளுக்குச் சாதகமாக இல்லை. பேய்கள் பேசிய இலத்தீன் இலக்கணப் பிழை மலிந்ததாக இருந்தது. பிற மொழிகளில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு அவை விடை சொல்ல மறுத்தன. போர்தோ நகரத்துப் பேராயர் தம் மருத்துவரை அனுப்பி, கன்னியரைத் தனித்தனியே பிரித்து வைத்து ஆராய வேண்டும் என்று ஒழுங்கு வகுத்ததும், பேய்கள் அடங்கிப்போயின. 1633-இன் பெரும்பகுதி அமைதியாகவே கழிந்தது.

கோட்டையை இடிக்க அனுப்பப்பட்ட அரச ஆணையரான லோபார்தமோன் லூதனுக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறிற்று. அவருடைய உறவினராகவும் மடத்தலைவி இருந்தார். 1633-இன் இறுதியில் வழக்கை விசாரிக்கும் முழு அதிகாரம் அரசவையிலிருந்து அவருக்குக் கிடைத்தது. டிசம்பரில் கிராந்தியே கைதானார். கோட்டைக்கு நண்பரான பங்குத்தந்தை, கர்தினாலை இழித்துரைத்த ஒரு துண்டு நூலை எழுதியவர் என்ற ஐயத்துக்கும் ஆளாகியிருந்தார். அடுத்த ஆண்டு பேயோட்டுதல் மடத்தின் சுவர்களைத் தாண்டி, நகரத்துக் கோவில்களில், ஆயிரக்கணக்கானோர் கூடிப் பார்க்கும் பொதுக்காட்சியாக மாறியது. தொலைவிலிருந்தும் பயணியர் வந்து குவிந்தனர். கொள்ளைநோயால் வெறிச்சோடியிருந்த விடுதிகள் நிரம்பின.

இக்காட்சிகளின் அடியில் இருந்த கோட்பாடு ஒன்றுதான் வழக்கின் போக்கை முடிவுசெய்தது. பொய்யின் தந்தை என்று மறைநூல் அழைக்கும் பேயின் சொல்லை எந்த நீதிமன்றமும் ஏற்க முடியாது. ஆயினும், முறைப்படி கட்டப்பட்ட பேய், திருச்சபையின் அதிகாரத்துக்கு அஞ்சி உண்மையையே பேசியாக வேண்டும் என்று லூதனின் பேயோட்டிகள் வாதிட்டனர். இதன்படி, வலிப்புற்ற ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரும் சொல் அவளுடைய சொல்லாக இல்லாமல் மேலான ஒரு சாட்சியமாக மாறியது. அதன் விளைவை 1634-இன் கோடையில் காண முடிந்தது. கன்னியர் சிலர் தாங்கள் கூறியவை பொய் என்று கூட்டத்தின் முன் அழுது அறிவித்தபோதும், மடத்தலைவியே கழுத்தில் கயிறும் கையில் மெழுகுதிரியுமாக நின்று ஒரு குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகப் புலம்பியபோதும், அந்த மறுப்புகள் கிராந்தியேவைக் காப்பாற்றப் பேய் செய்யும் தந்திரம் என்று கொள்ளப்பட்டன. குற்றஞ்சாட்டினால் உண்மை, மறுத்தால் பேயின் பொய் என்னும் இந்த மூடிய வளையத்தினுள் எந்தச் செய்தியாலும் நுழைய முடியாது. சமயப்பித்தைப் பற்றிய படங்கள் திரும்பத் திரும்பக் காட்டும் மன அமைப்பும் இதுவே.

1634 ஆகஸ்ட் 18-ஆம் நாள் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. கால் எலும்புகளை நொறுக்கும் சித்திரவதைக்குப் பின்னும் சூனியக் குற்றத்தை ஏற்க மறுத்த கிராந்தியே, அன்றைக்கே திருச்சிலுவைக் கோவிலின் முன்னிருந்த திடலில் உயிரோடு எரிக்கப்பட்டார். சூனியக்காரர் அழிந்தால் பேய்கள் ஓடிவிடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அடுத்து நடந்தவை விளங்கவில்லை: பேய்கள் போகவில்லை, பொதுக்காட்சிகளும் மேலும் மூன்றாண்டுகள் தொடர்ந்தன. பேயோட்டியவருள் ஒருவரான லக்தான்ஸ் ஒரு மாதத்துக்குள் இறந்தார். மற்றொருவரான திராங்கில் சில ஆண்டுகளில் வலிப்பும் வெறியும் கண்டு மாண்டார். இக்காலத்தில் வந்த ஆங்கிலேயப் பயணியருள் வால்டர் மாண்டகு தாம் கண்டவற்றால் நெகிழ்ந்து கத்தோலிக்கராக மாறினார். பிற்காலத்தில் லாடர்டேல் கோமகனான ஜான் மெயிட்லண்ட் அனைத்தும் ஏமாற்று என்று முடிவுசெய்து திரும்பினார். ஒரே மேடையைப் பார்த்த இருவருடைய தீர்ப்பும் அவரவர் கொண்டுவந்த மனத்தைப் பொறுத்தே அமைந்தது.

முற்றுகைக்குள்ளான துறவி

லூதன் வரலாற்றில் திரைப்படத்துக்கு மிகவும் பயன்பட்ட மனிதர், தீயில் மாண்ட கிராந்தியே அல்லர். அவர் இறந்து நான்கு மாதங்களுக்குப் பின் வந்து சேர்ந்த ழான்-ழோசெஃப் சூரேன் என்ற இயேசு சபைத் துறவியே. 1634 டிசம்பரில் மடத்தலைவிக்குப் பேயோட்டும் பணியை ஏற்ற சூரேன், கூட்டத்தின் முன் அதட்டியும் கட்டிவைத்தும் பேயை வெல்லும் முறையை விட்டுவிட்டு, தனிமையில் மடத்தலைவியின் காதருகே அமர்ந்து இறையன்பைப் பற்றி மெல்லப் பேசும் வழியை மேற்கொண்டார். அதைவிடவும் துணிந்த செயல் ஒன்றையும் அவர் செய்தார்: மடத்தலைவியை வருத்தும் ஆவிகள் அவரை விட்டுத் தம்மை வருத்தட்டும் என்று இறைவனை வேண்டினார்.

வேண்டுதல் பலித்ததாகவே அவர் உணர்ந்தார். 1635-இல் நண்பரான மற்றொரு துறவிக்கு எழுதிய கடிதத்தில், தமக்குள் இரண்டு ஆன்மாக்கள் இருப்பதைப் போலவும், ஒன்றின் செயலை மற்றொன்று ஒதுங்கி நின்று பார்ப்பதைப் போலவும் உள்ள நிலையை அவர் விவரித்தார். லூதனை விட்டுச் சென்ற பின் பேசவும் எழுதவும் தாமே உடை மாற்றிக்கொள்ளவும் இயலாதவராகப் பல ஆண்டுகள் கிடந்தார். தாம் நரகத்துக்கே விதிக்கப்பட்டவர் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1645-இல் சாளரத்திலிருந்து குதித்து எலும்பு முறிந்து உயிர்தப்பினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு படிப்படியாக மீண்டு, அந்த இருட்டைப் பற்றியே எழுதினார். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆன்மிக எழுத்தில் அவருக்கு இன்றும் உயர்ந்த இடம் உண்டு. மடத்தலைவியின் கதை எதிர்த்திசையில் சென்றது. ஆவிகள் நீங்கும்போது அவருடைய இடக்கையில் இயேசு, மரியா, சூசையப்பர், புனித பிரான்சிஸ் சலேசியார் ஆகியோரின் பெயர்கள் சிவந்த எழுத்துகளாகத் தோன்றியதாக நம்பப்பட்டது. 1638-இல் அக்கையைக் காட்டிக்கொண்டு அவர் பிரான்சைச் சுற்றிவந்தபோது கர்தினால் ரிஷல்யூவும் அரசியாரும் அவரைப் பார்த்தனர். பேய் பிடித்தவர் என்ற பெயர், இடைவெளியின்றி, அருள் பெற்றவர் என்ற பெயராக மாறியது.

மருத்துவமனை வழியாகத் திரைக்கு

ழான் தேஸான்ஜின் தன்வரலாறு 1886-இல் பாரிஸில் அச்சேறியபோது, அதைப் பதிப்பித்தவர்கள் கப்ரியேல் லெகுவே, ழீல் தெ லா தூரெத் என்னும் இரு மருத்துவர்கள்; முன்னுரை வழங்கியவர், சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஹிஸ்டீரியா எனப்பட்ட நரம்புக் கோளாற்றை ஆராய்ந்த புகழ்பெற்ற மருத்துவர் ழான்-மார்த்தேன் ஷார்கோ. பேயின் அடையாளங்களாக முன்னோர் கண்டவற்றை அவர்கள் நோயின் அறிகுறிகளாகப் படித்தனர். அந்த விளக்கம் தீயிலிருந்து பெண்களைக் காப்பாற்றியது உண்மை. எனினும், ஷார்கோ நோயாளிகளை மாணவர்களும் பொதுமக்களும் நிறைந்த அரங்கில் நிறுத்தி வலிப்பை வரவழைத்துக் காட்டியதால், லூதனின் மேடை வேறு பெயரில் மீண்டும் எழுந்தது என்றே கூற வேண்டும்.

டென்மார்க்கைச் சேர்ந்த பெஞ்சமின் கிறிஸ்டென்சன் சுவீடன் நிறுவனம் ஒன்றுக்காக எடுத்து 1922-இல் வெளியிட்ட 'ஹேக்ஸன்' இந்த மருத்துவப் பார்வையை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தது. சூனிய வேட்டையை ஏழு பகுதிகளில் விளக்கும் அப்படம், பழைய ஓவியங்களைக் காட்டி விரிவுரை நிகழ்த்துவதுபோல் தொடங்கி, தன் காலத்து நரம்பு நோயாளியைக் காட்டி முடிகிறது. ஆனால் விளக்கத்துக்காகப் படமாக்கப்பட்ட பேய்க் காட்சிகளின் வலிமை விளக்கத்தையே விஞ்சிவிட்டது. பார்த்தவர்கள் நினைவில் கொண்டது விரிவுரையைவிடப் பேய்களைத்தான்.

டென்மார்க்கின் மற்றோர் இயக்குநரான கார்ல் டிரையர் இச்சிக்கலுக்கு வேறு தீர்வு கண்டார்: பேயையும் விளக்கத்தையும் ஒருசேர நீக்கிவிட்டு முகங்களை மட்டும் வைத்துக்கொண்டார். 1431-ஆம் ஆண்டின் விசாரணைப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு 1928-இல் அவர் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் படத்தில் தொடங்கிய இம்முறை, ஜெர்மானியப் படைகள் டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்த 1943-இல் வெளியான 'சினத்தின் நாள்' படத்தில் முழுமை பெற்றது. 1590-இல் நார்வேயின் பெர்கன் நகரில் எரிக்கப்பட்ட ஒரு பெண்ணின் வரலாற்றைத் தழுவிய நாடகத்திலிருந்து உருவான இப்படத்தில், முதிய போதகர் ஒருவரின் இளம் மனைவியான ஆனி, கணவன் இறக்க வேண்டும் என்று மனத்தில் நினைக்கிறாள், அவர் இறந்துவிடுகிறார். தன் விருப்பத்துக்கும் அந்த இறப்புக்கும் தொடர்பு உண்டா என்று அறிய வழியில்லாத அவள், தன்னைச் சுற்றியிருப்போரின் நம்பிக்கையைத் தானும் ஏற்று, இறுதியில் தன்னைச் சூனியக்காரி என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். காட்சிகள் மெதுவாக நகர்வதற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டுமன்று; பிறர் சுமத்திய குற்றம் ஒருவருடைய சொந்த எண்ணமாக மாறுவதற்கு ஆகும் காலத்தை டிரையர் பார்வையாளருக்குச் செலவிட்டுக் காட்டுகிறார்.

இரு லூதன்கள்

அதே போர்க் காலத்தில், ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில், யாரோஸ்வாஃப் இவாஷ்கியெவிச் என்ற எழுத்தாளர் லூதன் நிகழ்வைத் தம் நாட்டின் கிழக்கு எல்லைப்புறத்துக்கு மாற்றி 'வானதூதர்களின் அன்னை ஜோன்' என்ற குறுநாவலை எழுதினார். அது போருக்குப் பின் 1946-இல் வெளிவந்தது. எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1952-இல் 'லூதனின் பேய்கள்' என்ற வரலாற்று ஆய்வை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இவ்விரு நூல்களிலிருந்தும் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்ட இரு திரைப்படங்கள் பிறந்தன.

யெஜி கவலெரோவிச் இயக்கி 1961-இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்ற போலந்துப் படம், பங்குத்தந்தை எரிக்கப்பட்ட பிறகே தொடங்குகிறது. மரம் செடியற்ற மேட்டில் ஒரு மடம், கீழே ஒரு சத்திரம், இரண்டுக்கும் இடையில் கருகி நிற்கும் ஒரு கம்பம் ஆகியவையே அதன் உலகம். சூரேனின் சாயலில் படைக்கப்பட்ட சூரின் என்ற குரு, மடத்தலைவியின் பேய்களைத் தம்மீது ஏற்றுக்கொள்ள முற்படுகிறார். ஐயம் தாங்காமல் அவர் யூத சமய குரு ஒருவரிடம் சென்று தீமையின் தோற்றத்தைப் பற்றி வாதிடும் காட்சியில், இரு பாத்திரங்களையும் மியெச்சிஸ்வாஃப் வோய்ட் என்ற ஒரே நடிகர் ஏற்றிருப்பதால், அவர் தம்மோடு தாமே பேசிக்கொள்வதாகத் தோன்றுகிறது. எந்தவித வித்தையும் இன்றி, வெள்ளை உடையணிந்த கன்னியரின் அசைவுகளையும் வெற்றுச் சுவர்களையும் கொண்டே அச்சம் ஊட்டப்படுகிறது. இறுதியில், ஆவிகள் தம்மிடமே தங்கிவிட வேண்டும், அந்தப் பெண்ணிடம் திரும்பக் கூடாது என்பதற்காக, தூங்கிக்கொண்டிருக்கும் இரு குதிரைக்காரர்களைச் சூரின் கோடரியால் கொல்கிறார். பேய் உண்டா என்ற கேள்விக்குப் படம் விடை தருவதில்லை. ஆனால், அன்பிலிருந்து புறப்பட்ட ஒரு முடிவு கொலையில் போய் நிற்பதற்குப் பேய் தேவைப்படவில்லை என்பதை அது ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிடுகிறது.

ஹக்ஸ்லியின் நூலையும் அதைத் தழுவி ஜான் வைட்டிங் எழுதிய நாடகத்தையும் அடிப்படையாகக் கொண்டு கென் ரஸ்ஸல் 1971-இல் எடுத்த 'பேய்கள்' படம் இதற்கு நேர் எதிரானது. ஆலிவர் ரீட் கிராந்தியேவாகவும் வனெஸா ரெட்கிரேவ் மடத்தலைவியாகவும் நடித்த அப்படம், டெரக் ஜார்மன் வடிவமைத்த வெண்ணிற நகர அரங்குகளின் நடுவே, கூட்டத்தின் வெறியை ஒளிவுமறைவின்றிக் காட்டியது. தணிக்கைக் குழுவின் வெட்டுகளுக்குப் பிறகும் பிரிட்டனின் சில உள்ளாட்சி மன்றங்கள் அதைத் திரையிட அனுமதிக்கவில்லை. கோட்டைச் சுவர் இடிந்து விழுவதோடு படத்தை முடித்த ரஸ்ஸல், வழக்கின் அரசியல் காரணத்தை வேறு எவரையும்விடத் தெளிவாக உணர்த்தினார். எனினும் லூதன் கன்னியரின் உள்ளத்தைவிட லூதனின் மேடையே அவரைக் கவர்ந்தது. போலந்துப் படம் வெறுமையால் சாதித்ததை அவர் இரைச்சலால் சாதிக்க முயன்றார். மெல்லச் சூடேறும் மரபு பின்பற்றியது கவலெரோவிச்சின் வழியையே.

ஏறத்தாழ அதே காலத்தில், லூதனோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், இம்மரபின் மிகச் சிறந்த படங்களுள் ஒன்று வங்காளத்தில் உருவானது. பிரபாத்குமார் முகோபாத்யாயின் சிறுகதையைத் தழுவி சத்யஜித் ராய் 1960-இல் எடுத்த 'தேவி'யில், காளி பக்தரான ஜமீன்தார் ஒருவர், தம் இளைய மருமகள் தயாமயி அம்மனின் அவதாரம் என்று கனவு கண்டு, மறுநாள் காலையில் அவள் காலில் விழுகிறார். சாகக் கிடந்த ஒரு குழந்தை அவள் முன் கண்விழித்ததும் ஊரே அதை நம்புகிறது. பட்டணத்தில் படித்துவிட்டுத் திரும்பும் கணவன் அழைத்தபோது, தான் தெய்வமாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் அவளைத் தடுக்கிறது. அவள் உயிராக வளர்த்த வீட்டுக் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோகப்படாமல் அவள் மடியில் இறக்கும்போது, அவளுடைய மனமும் சிதைகிறது. ஷர்மிளா தாகூரின் முகத்தில் பேச்சின்றி நிகழும் அம்மாற்றமும், டிரையரின் ஆனியிடம் நிகழ்ந்த மாற்றமும் ஒரே தன்மையவை. ஒருத்தி சூனியக்காரி என்றும் மற்றொருத்தி தெய்வம் என்றும் பிறரால் பெயரிடப்பட்டனர். பெயர் வேறானாலும், அப்பெயர் உள்ளே இறங்கிய விதம் வேறாகவில்லை.

ஐயத்தைக் கைவிட்டதும் மீட்டதும்

1973-இல் வெளியாகி உலகெங்கும் பெருவெற்றி பெற்ற வில்லியம் ஃப்ரீட்கினின் 'எக்ஸார்சிஸ்ட்' இந்த மரபை ஒரு வகையில் தலைகீழாக்கியது. அதில் மருத்துவர்கள் எல்லாச் சோதனைகளையும் செய்து தோற்ற பின், பேய் உண்மை என்பது பார்வையாளரின் கண்முன்னே நிறுவப்படுகிறது. ஆயினும், அப்படத்தின் முடிவில் இளங்குரு காரஸ், சிறுமியை விட்டுத் தம்மிடம் வருமாறு பேயை அழைத்து, சாளரத்தின் வழியே பாய்ந்து உயிர்விடுகிறார்; சூரேனின் வேண்டுதலும் 1645-இல் அவர் குதித்த சாளரமும் அக்காட்சியில் ஒன்றாகக் கலந்திருப்பதை லூதன் வரலாற்றை அறிந்தவர் எளிதில் காணலாம். சூரேன் இருபதாண்டுகள் அனுபவித்த முற்றுகை அங்கே சில நொடிகளாகச் சுருங்கிவிட்டது என்பதுதான் வேறுபாடு.

ஐயத்தின் காலத்தைத் திரும்ப நீட்டித்த படங்கள் 21ஆம் நூற்றாண்டில் வந்தன. ராபர்ட் எக்கர்ஸ் 2015-இல் எடுத்து, சண்டான்ஸ் விழாவில் இயக்கத்துக்கான பரிசைப் பெற்ற 'தி விட்ச்', கிராந்தியே எரிக்கப்பட்ட அதே 1630-களில், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூ இங்கிலாந்தில் நடக்கிறது. மீட்படைய வேண்டியவர் யார் என்பதை இறைவன் முன்பே தீர்மானித்துவிட்டார், அதை மனிதர் அறிய முடியாது என்று போதிக்கும் கால்வினியக் கொள்கையில் ஊறிய ஒரு குடும்பம், சமயக் கருத்து வேறுபாட்டால் குடியேற்றத்திலிருந்து விலக்கப்பட்டுக் காட்டோரத்தில் தனித்து வாழ்கிறது. கைக்குழந்தை காணாமல்போன நாளிலிருந்து ஒருவர் மற்றவரிடம் பாவத்தின் தடயத்தைத் தேடத் தொடங்குகின்றனர்; பயிர் பொய்க்கிறது, சிறுவன் இறக்கிறான், மூத்த மகள் சூனியக்காரியாக்கப்படுகிறாள். அக்காலத்து ஏடுகளிலிருந்து உரையாடல்களை எடுத்தாண்ட எக்கர்ஸ், காட்டில் சூனியக்காரி இருப்பதைக் காட்டிவிட்ட போதிலும், குடும்பத்தைச் சிதைப்பது அவளா, குடும்பத்தாரின் இறையியலா என்பதைத் திறந்தே விடுகிறார்.

ரோஸ் கிளாஸ் எழுதி இயக்கி 2019-இல் டொரன்டோ திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்ட 'செயின்ட் மாட்' இக்கேள்வியை நிகழ்காலத்துக்கு, ஸ்கார்பரோ என்னும் ஆங்கிலக் கடற்கரை ஊருக்குக் கொண்டுவந்தது. அண்மையில் கத்தோலிக்கத்தைத் தழுவிய மாட் என்ற செவிலி, புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கும் ஒரு நடனக் கலைஞரின் ஆன்மாவை மீட்பதே தனக்கு இடப்பட்ட பணி என்று நம்புகிறாள். காலணிக்குள் ஊசிகளைப் பதித்து நடக்கும் அவளுடைய தவம் இடைக்காலத் துறவியருடையதைப் போன்றது. ஆனால் அவளைச் சுற்றி மடம் இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு இல்லை, பேயோட்டவோ புனிதராக்கவோ திருச்சபை இல்லை. லூதனில் ஒரு நகரமே சேர்ந்து செய்ததை அவள் ஒருத்தியே செய்து முடிக்கிறாள்: அருள் பெற்றவளும், பேயைக் காண்பவளும், தீர்ப்பளிப்பவளும், எரிபவளும் அவளே. கடற்கரையில் அவள் தன்மீது தீ வைத்துக்கொள்ளும்போது, சிறகு முளைத்த தன்முன் மக்கள் மண்டியிடுவதை அவளுடைய கண்களால் பார்வையாளரும் காண்கின்றனர். பின், ஒரு நொடிக்கும் குறைவான கடைசிக் காட்சியில், எரியும் உடலின் அலறல் மட்டும் எஞ்சுகிறது.

இந்த ஒரு நொடிக்காகவே இப்படங்கள் ஒன்றரை மணி நேரம் நிதானமாக எரிகின்றன என்று கூறலாம். நம்பியவரின் பக்கம் நின்று உலகத்தைப் பார்க்கவும், அந்தப் பார்வையின் விலையை வெளியே நின்று அறியவும் பார்வையாளருக்கு அவை வாய்ப்பளிக்கின்றன. எது உண்மை என்று முந்திக்கொண்டு சொல்வதை ஒத்திவைக்கின்றன. ஆகவே, இவ்வகைப் படம் ஒன்றின் தரத்தை அது எத்தனை முறை திடுக்கிட வைத்தது என்பதைக் கொண்டு மதிப்பிடுவது பொருந்தாது. தீர்ப்பை எவ்வளவு காலம் தள்ளிவைக்க அதனால் முடிந்தது என்பதே சரியான அளவுகோல். லூதனின் நீதிபதிகளிடம் அந்தப் பொறுமை இருக்கவில்லை. பேய்கள் கையெழுத்திட்டதாகச் சொல்லி அவர்கள்முன் வைக்கப்பட்ட ஒப்பந்தத் தாள் பாரிஸிலுள்ள பிரெஞ்சு தேசிய நூலகத்தில் இன்றும் காக்கப்படுகிறது. அதைச் சான்றாகக் கொண்ட வழக்கில் தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் தீ மூட்டப்பட்டதும் ஒரே நாளில் நடந்தன.